பால் காளான்: அதன் பெயரும் இனமும்

ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் "நூல், 20 பண்டல்" என்று மட்டும் எழுதியிருந்தால் தணிக்கைக்கு வருபவர் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார். 40-ஆம் நம்பரா, 60-ஆம் நம்பரா, ஒற்றை நூலா, முறுக்கு நூலா, சிட்டாவா, கோனா என்று கேட்பார். கேட்பதும் முறையே. 40-ஆம் நம்பர் நூலைக் கொண்டு 60-ஆம் நம்பர் சேலையை நெய்ய இயலாது என்பதைத் தறிக்காரர் வீட்டுக் குழந்தையும் அறியும்.

அத்தகைய அங்கத்தினர்களே, காளான் வளர்ப்புக்குக் கடன் கோரும் பொழுது மனுவில் "காளான் வித்து, 40 பொட்டலம்" என்று எழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். எந்தக் காளான் என்று வினவினால், "வெள்ளைக் காளான்தான் ஐயா" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. வெள்ளை என்பது ஒரு நிறமேயன்றி இனமாகாது. இந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் இழப்பவர் உண்டு. வேலியோரத்தில் முளைத்ததைப் பறித்து உண்டு உயிரிழப்பவரும் உண்டு. ஆகவே, நம் மாவட்டத்திற்கு மிகவும் ஏற்றதாகிய பால் காளான் எந்த இனத்தைச் சேர்ந்தது, அவ்வினத்தைச் சாஸ்திரிகள் எவ்வாறு பிரித்தறிந்தனர், அதனால் நமக்கு யாது பயன் என்பனவற்றைச் சற்று விரித்துக் கூறுவது நலமாகும்.

முதலில் ஊர்ச் செய்தி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட பால் காளான் ரகத்தின் பெயர் ஏ.பி.கே.2. அம்மூன்று எழுத்துக்களும் அருப்புக்கோட்டையைக் குறிப்பன. அங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்த ரகம் இது. விஞ்ஞானி ஏ. எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய கூட்டாளிகளும் இதற்காக உழைத்தவர்கள். மொட்டுக் காளான், சிப்பிக் காளான் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் வியாபார முறையில் வளர்க்கப்படும் காளான் என்னும் இடத்தை இது பெற்றுள்ளது. கரிசலும் வெயிலும் தறியும் தவிர நம் பக்கத்தில் வேறென்ன உண்டு என்று சலித்துக் கொள்பவர்கள், அவ்வெயிலே இக்காளானுக்கு மூலதனம் என்பதை அறிந்தால் மகிழ்வர்.

பேரினம், சிற்றினம், ரகம் என்ற மூன்று சொற்களைப் பருத்தியைக் கொண்டு விளக்கினால் விவசாய அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். கருங்கண்ணியும் பருத்தி, கம்போடியாவும் பருத்தி. இரண்டும் காசிப்பியம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கருங்கண்ணி ஆர்போரியம் என்னும் சிற்றினம்; கம்போடியா ஹிர்சூட்டம் என்னும் சிற்றினம். முன்னதற்கு 13 இணைக் குரோமோசோம்கள், பின்னதற்கு 26 இணைகள். ஆதலின் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. எம்.சி.யு.5 என்பது ஹிர்சூட்டம் சிற்றினத்தில் மனிதர் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒரு ரகம். இதே கணக்கில், கலோசைபி என்பது பேரினம், கலோசைபி இண்டிகா என்பது சிற்றினம், ஏ.பி.கே.2 என்பது ரகம். நாம் பால் காளான் என்று அழைப்பது கலோசைபி இண்டிகாவையே.

காளான்களை இவ்வாறு வகுப்பது பருத்தியை வகுப்பதைப் போல் எளிதாக இருந்ததில்லை. செடிக்குப் பூ உண்டு, காய் உண்டு, இலை உண்டு; அவற்றை எண்ணிப் பார்த்துக் குடும்பம் பிரிக்கலாம். காளானுக்கு இருப்பது ஒரு குடை, ஒரு காம்பு, குடையின் அடியில் புத்தகத்தின் தாள்களைப் போல் அடுக்கிய மெல்லிய ஏடுகள், அவ்வேடுகளிலிருந்து உதிரும் ஸ்போர் என்னும் நுண்துகள், அவ்வளவே. 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், ஏடுள்ள காளான்கள் யாவற்றையும் அகாரிக்கஸ் என்ற ஒரே பெயரின் கீழ்க் கொட்டி வைத்தார். அவருக்குப் பின் அதே நாட்டினரான எலியாஸ் ஃபிரீஸ் 1821-ல் வெளியிடத் தொடங்கிய நூலில் ஒரு நல்ல வழியைக் காட்டினார். குடையை வெட்டித் தாளின் மீது ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் ஸ்போர்கள் உதிர்ந்து படியும். அப்படிவின் நிறம் வெள்ளையா, இளஞ்சிவப்பா, பழுப்பா, கறுப்பா என்று பார்த்து அதன்படி பிரிக்கலாம் என்பதே அவ்வழி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் பெரும்பாலும் இவ்வழியிலேயே நடந்தது.

ஆனால் வெள்ளை ஸ்போர் உடையவை எண்ணிறந்தன. தடித்த காம்பும் சதைப்பற்றும் கொண்ட வெள்ளை ஸ்போர்க் காளான்கள் பல, டிரைக்கொலோமா என்னும் பெரிய மூட்டையில் கட்டி வைக்கப்பட்டன. ஐரோப்பாவில் வசந்த காலத்தில், புனித ஜார்ஜின் திருநாளாகிய ஏப்ரல் 23-ஐ ஒட்டிப் புல்வெளிகளில் முளைக்கும் ஓர் உணவுக் காளானும் அந்த மூட்டைக்குள்ளேயே இருந்தது.

அம்மூட்டையை அவிழ்த்தவர் பிரெஞ்சு நாட்டு ராபர்ட் கூனர். ஸ்போர்களைத் தாங்கி நிற்கும் உயிரணுக்களை, இரும்புச் சத்துக் கலந்த கார்மின் சாயத்தில் இட்டுச் சூடாக்கிப் பூதக்கண்ணாடியில் நோக்கிய பொழுது, சில காளான்களில் மட்டும் அவ்வுயிரணுக்களுக்குள்ளே கருமையான மணிகள் தோன்றின, மற்றவற்றில் தோன்றவில்லை. சாயம் பற்றுவதையும் பற்றாததையும் கொண்டு பஞ்சு நூலையும் செயற்கை நூலையும் பிரித்தறியும் நெசவாளருக்கு இம்முறை விந்தையாகத் தோன்றாது. புனித ஜார்ஜ் காளானில் மணிகள் இருந்தன. ஆகவே அதனை டிரைக்கொலோமாவினின்றும் பிரித்து, 1938-ல் கலோசைபி என்னும் பெயரைக் கூனர் சூட்டினார். கிரேக்க மொழியில் அழகிய தலை என்பது அதன் பொருள்.

இங்கே கூட்டுறவுக்காரர் ரசிக்கத்தக்க ஒரு சிக்கல் நேர்ந்தது. புதிய பெயருக்கு லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதப்பட வேண்டும் என்பது அக்கால விதி. கூனரின் பெயர் அவ்விதிப்படி வெளியாகவில்லை. கோரம் இல்லாத கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தைப் போல் அது செல்லாததாகி விட்டது. கருத்து சரியானதே, நடைமுறைதான் குறையுடையது. 24 ஆண்டுகள் கழித்து, 1962-ல், டச்சு நாட்டு டாங்க் அதனை முறைப்படி வெளியிட்ட பிறகே பெயர் செல்லுபடியாயிற்று. இன்றும் நூல்களில் அப்பேரினத்தின் பெயரை அடுத்து இருவர் பெயரும் சேர்த்தே எழுதப்படுகின்றன.

நம் பால் காளான் இக்கதையில் நுழைவது 1974-ஆம் ஆண்டில். மேற்கு வங்காளத்தில் மழைக்காலத்தே நிழலான மண்ணில் முளைத்து, தூத் சாத்தா, அதாவது பால் குடை, என்ற பெயரில் மக்களால் உண்ணப்பட்டு வந்த காளானைப் புர்காயஸ்தா, சந்திரா ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். அது அதுவரை எந்த நூலிலும் ஏறாத சிற்றினம் எனக் கண்டு, கலோசைபி இண்டிகா என்று பெயரிட்டனர். இந்தியாவுக்குரியது என்று பெயரிலேயே முத்திரை பெற்ற காளான் இது.

ஆயினும் குழப்பம் அத்துடன் தீரவில்லை. இதே போன்று வெண்மையும் பருமனும் உடைய மற்றொரு பெருங்காளான் நம் நாட்டிலேயே உண்டு. 1912-ல் மாசி என்னும் ஆங்கிலேயர் அதற்கு டிரைக்கொலோமா ஜைகாண்டியம் என்று பெயரிட்டிருந்தார். பல ஆண்டுகள் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதியோர் உண்டு. 1998-ல் பெக்லர், லாட்ஜ், நாகசோனே ஆகிய மூவர் இப்பெரிய வெப்பமண்டலக் காளான்களை மேக்ரோசைபி என்ற தனிப் பேரினமாகப் பிரித்தனர். அவற்றின் உயிரணுக்களில் கூனர் கண்ட கருமணிகள் இல்லை. ஏ.பி.கே.2 வெளிவந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயலான ஒற்றுமை. பின்னர் மரபணு ஆராய்ச்சியும் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள் என்றே காட்டிற்று. பால் காளான் இன்று லியோபில்லேசியே என்னும் குடும்பத்தில் வைத்து எண்ணப்படுகிறது.

அக்குடும்பத்தில் வேறு யார் உளர் என்று பார்த்தால் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் உறவினர் தென்படுகிறார். அவரே புற்றுக் காளான். ஐப்பசி இடி மழைக்குப் பின் கறையான் புற்றின் மீதும், புற்று இருந்து மறைந்த மேட்டின் மீதும் நீண்ட வேருடன் முளைப்பவை டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்திற்கு 1942-ல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். அரிசியைச் சிதறியது போல் நூற்றுக்கணக்கில் முளைக்கும் சிறு வகையும் இதனுள் அடங்கும். புற்றுக் காளானின் ஸ்போர்ப் படிவு இளஞ்சிவப்பு. பால் காளானின் படிவு வெள்ளை. ஃபிரீஸின் முறைப்படி இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தவே முடியாது. நிறத்தை விட்டு மரபணுவைப் பார்த்த பிறகே இரண்டும் நெருங்கிய சுற்றம் என்பது புலனாயிற்று.

சுற்றமாயினும் வாழ்க்கை முறையில் பெரிய வேறுபாடு உண்டு. புற்றுக் காளானைக் கறையான்தான் பயிரிடுகிறது. உலர்ந்த இலையையும் மரத்தூளையும் தின்று கழித்து, அக்கழிவைத் தேனடை போல் கட்டி, அதன் மேல் பூஞ்சை இழையை வளர்த்து, அதனையே கறையான் உணவாகக் கொள்கிறது. அந்தத் தோட்டக்காரன் இல்லாமல் வியாபார அளவில் புற்றுக் காளானைக் குடையாக முளைக்கச் செய்யும் வழி இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே, "புற்றுக் காளான் வித்து" என்று யாரேனும் பொட்டலம் கொண்டு வந்து விற்பாராயின் அங்கத்தினர்கள் பணப்பையைத் திறக்கலாகாது. பால் காளானோ எவரையும் சார்ந்திராமல் மட்கும் வைக்கோலையும் இலைகளையும் தின்று மண்ணினின்றும் எழுவது. அதனாலேயே அது நம் குடிலுக்குள் வர இசைந்தது.

இனி உயிர் பற்றிய விஷயத்திற்கு வருவோம். பால் காளானின் குடை பொதுவாகப் பத்து முதல் பதினான்கு சென்டிமீட்டர் அகலமுடையது, தூய வெண்மை, சதை கெட்டியானது, வெட்டினாலும் நிறம் மாறாது. ஏடுகள் வெண்மையாய் நெருங்கிக் காம்பைத் தொட்டு நிற்கும். காம்பு தடித்தது. அதில் வளையம் இல்லை. அடியில் கிண்ணமும் இல்லை. இவ்வடையாளங்களைப் படித்தவுடன், தோட்டத்தில் முளைப்பதைப் பறித்து ஒப்பிட்டு உண்ணலாம் என்று எவரும் எண்ணி விடலாகாது. இவை குடிலில் வளர்ந்ததைச் சரிபார்க்க உதவுவனவே அன்றி, வெளியில் முளைத்ததை உண்ண அனுமதிச் சீட்டு அல்ல.

மழைக்குப் பின் புல்தரையிலும் தோப்பிலும் பெரிய வெள்ளைக் குடையுடன் ஒரு காளான் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். இளமையில் ஏடுகள் வெள்ளையாகவே இருக்கும். முதிர்ந்த பின் பசுமை படரும். ஸ்போர்ப் படிவும் பச்சையே. உண்டவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். இது பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை எனினும் குழந்தைகளும் முதியோரும் மிகவும் வருந்துவர். இதனினும் கொடியவை அமனிட்டா பேரினத்தின் சில சிற்றினங்கள். இவற்றின் ஸ்போர்ப் படிவு பால் காளானைப் போலவே வெள்ளை. ஆகவே அங்கே ஃபிரீஸின் தாள் சோதனையும் நம்மைக் காப்பாற்றாது. அவற்றை உண்டவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை, சில சமயம் அதற்கும் மேல், ஒன்றுமே தெரியாது. வாந்தி தொடங்கும் பொழுது நஞ்சு ஈரலை அடைந்திருக்கும். நடுவில் ஒரு நாள் நோயாளி தேறியது போலவும் தோன்றுவார். அத்தோற்றத்தை நம்பி வீட்டில் இருத்தலாகாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, மஞ்சள் இட்டுக் கொதிக்க நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்றெல்லாம் வழங்கும் சோதனைகளில் ஒன்றும் உண்மையன்று. அமனிட்டாவின் நஞ்சு கொதியிலும் அழியாது. வழிவழியாகப் புற்றில் பறித்து உண்பவர்களைப் பரிகசிக்க இவ்வளவும் கூறவில்லை. அவர்கள் புற்றையும் வேரையும் பார்த்துப் பறிக்கின்றனர். அதுவே அவர்களுடைய சாஸ்திரம். அவர்களைப் பார்த்து, புற்றையும் பாராமல் வேரையும் தோண்டாமல் வெள்ளையை மட்டும் கண்டு பறிப்பவரே அஞ்சத்தக்கவர்.

வளர்ப்பு முறையிலும் இனத்தின் தன்மையே வழிகாட்டுகிறது. சிப்பிக் காளான் ப்ளூரோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது. காட்டில் அது மரக்கட்டையில் பக்கவாட்டில் முளைப்பது, ஆதலின் வைக்கோல் படுக்கையின் பக்கங்களிலேயே வெடித்து வரும், மண் தேவையில்லை. அதற்கு 25 டிகிரியை ஒட்டிய உஷ்ணம் வேண்டும். நம் மாவட்டத்தில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் இது நன்கு வரும். சித்திரையில் இதற்குக் கடன் வாங்கினவர் வட்டியை மட்டுமே அறுவடை செய்ய நேரும். பால் காளானோ மண்ணில் முளைப்பது. 30 முதல் 35 டிகிரி உஷ்ணம் அதற்கு உகந்தது. ஆனால் படுக்கையின் மேல் மண் இடாவிட்டால் இழை வெண்மையாய்ப் பரவிக் கிடக்குமே தவிர, குடை சரியாக எழாது. மண் போட மறந்து, வித்து கெட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குச் செல்வது நியாயமாகாது.

வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊற வைத்து, சுமார் ஒரு மணி நேரம் வேகவைத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்திட்டு நிரப்ப வேண்டும். பதினைந்து இருபது நாட்களில் இழை முழுதும் பரவி விடும். பின்னர்ப் படுக்கையை இரண்டாக அறுத்து, நீராவியில் வேகவைத்துச் சுண்ணாம்புத் தூள் கலந்த மண்ணை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, ஈரம் காய விடாமல் நீர் தெளித்து வர வேண்டும். எட்டுப் பத்து நாட்களில் மொட்டுக்கள் தோன்றும். தொடக்கத்திலிருந்து 45 அல்லது 50 நாட்களுக்குள் மூன்று முறை பறிக்கலாம். நம் வெயில் இதற்கு இசைந்ததேயாயினும் நம் வறண்ட காற்று இசைந்ததன்று. காற்றில் 80 பங்குக்கு மேல் ஈரம் வேண்டும். அதனாலேயே தரையைச் சிறிது தோண்டி இறக்கி, நீல நிறப் பாலித்தீன் கூரை வேய்ந்த குடிலைப் பல்கலைக்கழகத்தார் கூறினர். நீர் வசதியில்லாத இடத்தில் இத்தொழிலைத் தொடங்குவதை விடத் தொடங்காதிருத்தல் மேல்.

மேலிடும் மண்ணைப் பற்றிச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து அங்கத்தினர்களுக்குத் தனியே ஒரு சொல். மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைப்பது காளான்களின் இயல்பு. அலுமினியத் தூள், கந்தகம், பேரியம் உப்பு முதலியன கையாளப்பட்ட பட்டாசுக் கொட்டகைகளைச் சூழ்ந்த இடத்திலும், கழிவு எரித்த இடத்திலும் மண் எடுக்கலாகாது. எவ்வளவு வேகவைத்தாலும் உலோகம் போகாது. வைக்கோற் போரையும் கீற்றுக் குடிலையும் மருந்து வைத்திருக்கும் கட்டடத்திற்கு அருகில் அமைப்பது எத்தகையது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நெசவாளர்கள் தம்மிடமுள்ள பஞ்சுக் கழிவைப் பயன்படுத்தலாமா எனக் கேட்கின்றனர். சாயம் ஏறாத வெறும் பஞ்சாயின் வைக்கோலுடன் கலக்கலாம். சாயமிட்ட நூலின் கழிவை உணவுப் பொருளின் அருகில் கொண்டு செல்ல வேண்டாம்.

படுக்கையில் முளைப்பன யாவும் நாம் வித்திட்டவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வைக்கோல் சரியாக வேகாவிட்டால் மெல்லிய காம்பும் மணி போன்ற குடையும் உடைய மைக் காளான்கள் முந்திக்கொண்டு எழும். ஓரிரு நாளில் கறுத்து மை போல் கரைந்து விடும். அவற்றைக் கண்டவுடன் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். விற்பனைக் கூடைக்குள் ஒன்றும் போகலாகாது.

வித்து வாங்கும் பொழுது ரசீதில் "பால் காளான், கலோசைபி இண்டிகா, ஏ.பி.கே.2" என்று எழுதச் சொல்லித் தயாரித்த தேதியையும் குறித்து வாங்குக. சங்கத்தின் இருப்புப் புத்தகத்திலும் அவ்வாறே பதிக. நல்ல பொட்டலத்தில் சோள மணிகள் யாவும் வெள்ளை இழையால் மூடப்பட்டிருக்கும். பச்சையோ கறுப்போ புள்ளி தென்பட்டால் அன்றே திருப்பித் தருக. இருப்பில் சேர்க்க வேண்டாம்.